இடுப்பில் ஸ்க்ரூ வைப்பதா வேண்டாமா: எங்கள் வீட்டின் இரண்டு முடிவுகள்

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை அட்மிஷன், வியாழக்கிழமை ஆபரேஷன், ஐந்து நாளில் வீட்டுக்குப் போகலாம், மூன்றரை லட்சம் ஆகும். இவ்வளவும் பத்து நிமிடத்துக்குள். டாக்டர் எம்ஆர்ஐ படத்தை வெளிச்சத்தில் மாட்டி, கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகள் சேரும் எல்4-எல்5 என்ற இடத்தைப் பேனாவால் தட்டி, "ஜவ்வு தேஞ்சு போச்சு, எலும்பும் கொஞ்சம் நழுவியிருக்கு. ஸ்க்ரூ போட்டுப் பிணைச்சுட்டா சரியாயிடும்" என்றார். ஜவ்வு என்றது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கை. என் இடுப்பை அவர் தொட்டுப் பார்க்கவில்லை, காலைத் தூக்கச் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. மூன்று வருட வலிக்கு ஒரு முடிவு வந்ததே என்ற நிம்மதியோடு வெளியே வந்தேன். இது 2022-ல்.

கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்போது வயது 44. இருபது வருடமாக நின்றபடி வேலை, ஷாஃப்ட் தூக்குவது, லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கனமான சக்கைக் கழற்றி மாட்டுவது. 2019-ல் ஒரு நாள் சக்கைத் தூக்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. பத்து நாளில் குறைந்தது, மறுபடி வந்தது, அப்புறம் போகவே இல்லை. காலையில் படுக்கையை விட்டு எழ ஐந்து நிமிடம். முகம் கழுவக் குனிந்தால் ஒரு கையைச் சுவரில் ஊன்ற வேண்டும். பைக் வேகத்தடையில் ஏறினால் உயிர் போகும். எண்ணெய், ஒத்தடம், பெல்ட், மாத்திரை, கரண்ட் வைக்கிற பிசியோ எல்லாம் பார்த்தாயிற்று.

பொள்ளாச்சியில் இருக்கும் மாமா, என் அக்கா வீட்டுக்காரர்தான் நிறுத்தினார். "ஒரு மோட்டர் வாங்கறதுக்கே நாலு கடை ஏறி இறங்கறே. இன்னொரு டாக்டருகிட்டயும் காட்டீட்டு அப்புறம் முடிவு பண்ணு மாப்ளே" என்றார்.

இரண்டாவதாகப் பார்த்தவரும் முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிற டாக்டர்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆபரேஷன் வேண்டாம் என்பவர்கள் எல்லாம் வேறு வைத்தியம் பார்ப்பவர்கள் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். படத்தை அவர் கடைசியில்தான் கையில் எடுத்தார். முதலில் செருப்பைக் கழற்றி குதிகாலில் நடக்கச் சொன்னார், அப்புறம் முன்பாதத்தில். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி விரலால் அழுத்திப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் தட்டினார். படுக்க வைத்து, நீட்டிய காலை உயர்த்தினார். தொடை சேரும் மூட்டைத் திருப்பிப் பார்த்தார். சிலருக்கு முதுகு வலி என்று வருவது அந்த மூட்டின் வலியாக இருக்குமாம். எல்லாம் முடிந்து உட்கார்ந்ததும் கேட்டார்:

"உங்க மொத்த வலி ஒரு ரூபாய்னு வெச்சுக்குங்க. இடுப்புக்கு எத்தனை பைசா, காலுக்கு எத்தனை பைசா?"

இடுப்புக்குத் தொண்ணூறு, பின்புறத்தில் பத்து என்றேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு பேருடைய முடிவையும் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போவது, பலம் குறைவது என்றால் நரம்பு எங்கோ நசுங்குகிறது. அந்த இடத்தைப் பெரும்பாலும் படத்தில் காட்ட முடியும். நசுக்குவதை எடுத்துவிட்டால் கால் வலி குறையும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இடுப்போடு நின்றுவிடும் வலிக்கு அப்படி ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டுவது கஷ்டம். ஜவ்வாக இருக்கலாம், பின்பக்கச் சிறு மூட்டுகளாக இருக்கலாம், தசையாக இருக்கலாம், வருடக்கணக்கில் வலித்து வலித்து நரம்பு மண்டலமே சின்ன அசைவையும் வலியாக எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கலாம். இதில் எது என்று தெரியாமல் ஒரு இடத்தை மட்டும் பிணைத்தால் வலி போகும் என்று எப்படிச் சொல்வது?

"படத்துல தேய்மானம்னு எழுதியிருக்கே டாக்டர்?" என்று கேட்டேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேருடைய படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வந்த கட்டுரை ஒன்றைச் சொன்னார். எந்த வலியும் இல்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம், 50 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம். 20 வயதில்கூட 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிகிறது. ரிப்போர்ட்டில் இருந்த அந்த வார்த்தைகளைப் படித்துவிட்டு மூன்று நாள் தூங்காமல் கிடந்தவன் நான். நரை விழுவது மாதிரி வயதோடு வருவதுதான் இதில் பாதி என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

எலும்பு நழுவியிருப்பதை அவர் ஒதுக்கிவிடவில்லை. நின்றபடி ஒரு எக்ஸ்ரே, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று எடுக்கச் சொன்னார். எம்ஆர்ஐ படுத்த நிலையில் எடுப்பது, அதில் ஆட்டம் தெரியாது. என் எலும்பு நாலு மில்லிமீட்டர் நழுவியிருந்தது, ஆனால் குனிந்தாலும் வளைந்தாலும் அதே நாலுதான். முதல் நிலை நழுவல், நிலையாக நிற்கிறது என்றார். உங்களுக்கு யாராவது ஸ்க்ரூ வைக்கச் சொன்னால், இந்த எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

அதோடு நான் விட்டுவிடவில்லை. பி.ஃபார்ம் படிக்கும் மகள் இரவு இரவாக உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடி எனக்குத் தமிழில் விளக்கினாள். முதலில் கிடைத்தது 2001-ல் வந்த சுவீடன் ஆய்வு. 294 நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள். பிணைப்பு ஆபரேஷன் செய்தவர்களில் 63 சதவீதம் பேர் இரண்டு வருடம் கழித்து முன்பைவிடப் பரவாயில்லை என்றார்கள். செய்யாதவர்களில் 29 சதவீதம்தான். இதைப் படித்ததும், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டது தப்போ என்று பயம் வந்துவிட்டது. அடுத்து 2003-ல் நார்வே ஆய்வு, 64 பேர்: பெரிய வித்தியாசம் இல்லை. 2005-ல் இங்கிலாந்து, 349 பேர்: ஆபரேஷன் பக்கம் மிகச் சின்ன ஆதாயம், கூடவே ஆபரேஷனுக்கே உரிய சிக்கல்கள். 2016-ல், டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் எழுதுகிற இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு, ஆராய்ச்சியின் பகுதியாகத் தவிர வெறும் இடுப்பு வலிக்கு இந்த ஆபரேஷனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது.

ஏன் சுவீடனில் ஒரு பதில், மற்ற இடங்களில் வேறு பதில்? மகள்தான் கண்டுபிடித்தாள். சுவீடனில் ஆபரேஷன் செய்யாதவர்களுக்குக் கிடைத்தது வழக்கமான பிசியோ. அந்த வைத்தியத்தை எல்லோரும் ஏற்கெனவே பார்த்துச் சலித்தவர்கள். நார்வேயிலும் இங்கிலாந்திலும் கொடுத்தது வேறு. இங்கிலாந்தில் வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம், சுமார் 75 மணி நேரப் பயிற்சி. வலியைப் பற்றிய பயத்தைப் பேசித் தீர்ப்பதும் அதில் சேர்த்தி. நான் மூன்று வருடத்தில் பார்த்த பிசியோ என்ன? குப்புறப் படுக்க வைத்து இருபது நிமிடம் மெஷின். 'பிசியோவெல்லாம் பாத்தாச்சு, கேக்கலைங்க' என்று முதல் டாக்டரிடம் சொன்னேனே, அது உண்மையே இல்லை. நான் பிசியோ பார்க்கவே இல்லை.

அட்வான்ஸ் கட்டியிருந்த ஐயாயிரம் போனால் போகட்டும் என்று தேதியை ரத்து செய்தேன்.

பீளமேட்டில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா. அவரிடம் மெஷினே இல்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் பேசினார். "நீங்க குனியறப்ப மூச்சைப் பிடிச்சுக்கறீங்க, கவனிச்சிருக்கீங்களா?" என்றார். கவனித்ததில்லை. வலிக்கும் என்ற பயத்தில் உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டே மூன்று வருடம் நடந்திருக்கிறேன். வலிக்கிறது என்றாலே உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நான் நம்ப ஆறு வாரம் ஆயிற்று.

செய்தது இவ்வளவுதான். தினம் மூன்று தடவை பத்துப் பத்து நிமிட நடை, மெல்லக் கூட்டி ஒரே நடையாக நாற்பது நிமிடம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள்: மல்லாந்து படுத்து தலையும் தோளும் மட்டும் லேசாகத் தூக்குவது, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பை நிறுத்துவது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். மூன்றாம் மாதம் எண்ணெய் டின்னில் மணல் போட்டு ஐந்து கிலோ தூக்க ஆரம்பித்து, வருடக் கடைசியில் இருபது கிலோவுக்கு வந்தேன். பட்டறையில் கூரை பீமில் செயின் பிளாக் மாட்டினேன், இனிமேல் சக்கை யாரும் கையால் தூக்குவதில்லை. லேத்துக்கு முன்னால் சிமெண்ட் தரையில் மரப்பலகை போட்டு, ஒரு காலை மாற்றி மாற்றிச் செங்கல் மேல் வைத்து நிற்கிறேன்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் ஒருமுறை பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்தேன். ஆபரேஷனே செய்திருக்கலாமோ என்று அந்த நாலு நாளும் தோன்றியது. எட்டாவது மாதம்தான், முகம் கழுவும்போது கை சுவருக்குப் போகவில்லை என்பதைக் கவனித்தேன். வலி முழுதாகப் போகவில்லை. நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாது. மழைக்காலத்தில் மோசம். ஆனால் வேலை செய்கிறேன், தூங்குகிறேன், வலி மாத்திரை மாதத்துக்கு இரண்டோ மூன்றோ.

இனி அக்காவின் கதை. இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் யாருக்காவது கெடுதலாகத்தான் முடியும்.

அக்காவுக்கு 57 வயது, சர்க்கரை உண்டு. 2023 கடைசியில் இடுப்பு வலி என்றாள். எனக்குக் குணமான உற்சாகத்தில், படத்தைக்கூடப் பார்க்காமல், "ஆபரேஷன்னு சொன்னா நம்பாதக்கா, நான் சொல்ற பயிற்சியைச் செய்" என்றேன். அவளும் என்னை நம்பி நான்கு மாதம் செய்தாள். ஒரு நாள் தோப்பிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று வழியில் கழன்று விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதே ரூபாய்க் கேள்வி. "இடுப்புக்குப் பத்துப் பைசா சாமி, பாக்கியெல்லாம் காலுதான்" என்றாள். நூறு அடி நடந்தால் இரண்டு காலும் கனத்து எரியும், உட்கார்ந்தால் போய்விடும். பேரனுடைய சைக்கிளைப் பிடித்துக் குனிந்து தள்ளிக்கொண்டு நடந்தால் வலி தெரியாது. இதைக் கேட்டதுமே அவர் நரம்புப் பாதை சுருங்கியிருக்கிறது என்றார். முன்னால் குனியும்போது அந்தப் பாதை கொஞ்சம் அகலமாகிறது, அதனால்தான் சைக்கிள் சுகம். வலது பெருவிரலைத் தூக்கப் பலம் குறைவு. எம்ஆர்ஐயில் அதே எல்4-எல்5, ரிப்போர்ட்டில் கிட்டத்தட்ட என் ரிப்போர்ட்டின் அதே வார்த்தைகள். ஆனால் குனிந்து எடுத்த எக்ஸ்ரேயில் அவளுடைய எலும்பு மேலும் நழுவியது.

இந்த முறை நான் கேள்விகளோடு போயிருந்தேன். நரம்புக்கு இடம் விட்டால் மட்டும் போதாதா, பிணைக்கவும் வேண்டுமா என்று கேட்டேன். காரணம் உண்டு: 2016-ல் வந்த சுவீடன் ஆய்விலும் 2021-ல் வந்த நார்வே ஆய்விலும், பாதை சுருங்கி எலும்பு நழுவியவர்களில்கூடப் பலருக்கு நரம்பை விடுவிப்பது மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது. டாக்டருக்குக் கோபம் வரவில்லை. பலருக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன் என்றார். அக்காவுக்கு நரம்பு பக்கவாட்டில் வெளியேறும் துளையும் நெருங்கியிருந்தது. அதைத் திறக்க மூட்டில் கணிசமான பகுதியை எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஆடுகிற எலும்பு அப்புறம் இன்னும் ஆடும். அதனால் பிணைப்பு. காரணத்தை இப்படிப் படத்தில் விரல் வைத்துக் காட்டிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் போய்விட்டது.

ஸ்க்ரூதான் வைத்தியம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. இரண்டு எலும்புகளிலும் ஸ்க்ரூ இறக்கி, ராடால் இணைத்து, ஜவ்வு இருந்த இடத்தில் கேஜ் என்ற சின்னக் கூண்டும் எலும்புத் துணுக்குகளும் வைக்கிறார்கள். இரண்டு எலும்பும் வளர்ந்து ஒன்றாகும் வரை பிடித்து வைக்கிற கிளாம்ப்தான் அந்த ஸ்க்ரூவும் ராடும். ஒன்றாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். எலும்பு சேரவில்லை என்றால் உலோகம் நாளாக நாளாக அசைந்து தளரும், முறியவும் செய்யும்; பட்டறைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பீடி, சிகரெட், புகையிலை எலும்பு சேர்வதைக் கெடுக்கும். அதனால் நிறுத்தாமல் பல டாக்டர்கள் தொடுவதில்லை. 1911-ல் நியூயார்க்கில் ஆல்பி, ஹிப்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் முதன்முதலில், ஸ்க்ரூ இல்லாமல் எலும்பை வைத்தே, பிணைத்தது காசநோய் அரித்துச் சரிந்த முதுகெலும்புகளைத் தாங்கிப் பிடிப்பதற்காக. ஆடுவதை நிறுத்தத்தான் இந்த வேலை பிறந்தது. வலியை நிறுத்த என்பது பின்னால் சேர்ந்துகொண்டது.

அக்காவுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர இன்சுலின் போட்டு ஐந்து வாரம் காத்திருந்தோம். அதற்குள் கால் பலம் இன்னும் குறைந்தால் காத்திருக்காமல் வரச் சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை நானே பெருவிரலை அழுத்திப் பார்ப்பேன். அந்த இடைவெளியில் மாமா வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தார், கட்டிலை உயர்த்தினார், அன்றாடம் புழங்கும் பாத்திரங்களை இடுப்பு உயரத்துக்கு எடுத்து வைத்தார். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும்.

காசு விஷயமும் முன்னாலேயே பார்க்க வேண்டியதுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கேட்டுப் பாருங்கள். தனியார் பாலிசி என்றால் முதுகெலும்பு நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

2024 ஜூலையில் ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததும் கால் எரிச்சல் இல்லை என்றுதான் முதலில் சொன்னாள். மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். இரண்டு வாரம் வெட்டிய இடத்தின் வலி கடுமை, அழுதுவிட்டாள். மரத்துப்போனது அவ்வளவு சீக்கிரம் போகவில்லை; பாதத்தில் இன்னும் ஒரு திட்டு இருக்கிறது. பெருவிரல் பலம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. சீக்கிரம் வந்திருந்தால் முழுதாகத் திரும்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இடுப்பில் ஒரு இறுக்கம் எப்போதும் உண்டு. அது இருக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். பிணைத்த இடம் அசையாததால் மேலே உள்ள ஜவ்வுக்குச் சுமை கூடும், வருடங்கள் கழித்து அங்கே தொந்தரவு வரலாம் என்பதையும் சொன்னார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது போய்விட்டது. இப்போது இரண்டு கிலோமீட்டர் நடக்கிறாள்.

தேதி கொடுத்த டாக்டரிடம் திரும்பிப் போய் நீங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. இந்த ஆபரேஷன் என் எந்த வலியைப் போக்கும், எது அப்படியே இருக்கும்? நரம்பை விடுவிப்பது மட்டும் போதாதா, ஏன்? ஆறு மாதம் தள்ளிப்போட்டால் எனக்கு என்ன கெடும்? கடைசிக் கேள்விக்கு என் விஷயத்தில் பதில், ஒன்றும் கெடாது. அக்கா விஷயத்தில், கால். பதில் சொல்லப் பொறுமை இல்லாதவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

யோசிக்கவே நேரம் எடுக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. சிறுநீர் வராமல் நிற்பது, அல்லது தெரியாமலே போவது. மலம் கட்டுப்படாமல் போவது. ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது. கால் திடீரென்று பலம் இழப்பது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரி என்றாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது என்றால் பயிற்சியை ஆரம்பிக்கும் முன் பரிசோதனை செய்ய வேண்டும். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது.

போன வாரம் அக்காவுக்கு ஒரு வருட எக்ஸ்ரே. நான்தான் பொள்ளாச்சி போய்க் காரில் கூட்டி வந்தேன். எலும்பு சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர், படத்தில் அந்த வெள்ளைப் பாலத்தைக் காட்டினார். திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் எனக்கு இடுப்பு கடுக்க ஆரம்பித்தது. வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். அவளுக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் கதவைத் திறந்து, இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி எழுந்து நின்றாள். புளியமரத்து நிழலில் பத்து நிமிடம் இரண்டு பேரும் மேலும் கீழும் நடந்தோம். "இப்பப் பரவால்லியா கண்ணு?" என்றாள். பரவாயில்லை என்றேன். ஏறினோம்.